கரையாத பெயிண்ட் கேட்ட மாணவன்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் எழுதுவது அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படகு வைத்திருப்பவர்களும் ஆசிரிய நண்பர்களும் கடைசி வரை படித்தால் மகிழ்வேன்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு போன் அடித்தது. என்னிடம் பிளஸ் டூ படித்த பழைய மாணவன். இப்போது சொந்தமாக 30 அடி ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறான்.

"சார், படகு தட்டிருச்சு சார். முகத்துவாரத்துல மணல்திட்டு ஏறிட்டோம்."

"ஆளுகளுக்கு ஒண்ணும் இல்லையேப்பா?"

"நாலு பேரும் நல்லா இருக்கோம் சார். காத்தாடிதான் வளைஞ்சு போச்சு. எக்கோ சவுண்டர்ல ஆழமே காட்டல. வெறும் கோடுதான் வந்துச்சு."

மறுநாள் படகைக் கரையேற்றியதும் போய்ப் பார்த்தேன். அடிப்பாகம் முழுக்கக் கொட்டலசு. உள்ளங்கை வைக்க இடமில்லை. எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர் இருக்கும் இடமே தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் அதன் முகத்தில் கனமாக மூன்று கோட் பெயிண்ட், அதன்மேல் கொட்டலசுக் கூட்டம்.

"என்ன பெயிண்ட்ப்பா அடிச்ச?"

"நல்ல பெயிண்ட்தான் சார். செம்பு கலந்தது ரெண்டு சீசன்ல கரைஞ்சு போகுதுன்னாங்க. கரைஞ்சா காசு தண்ணியிலதான? அதான் கரையாத பெயிண்டா குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க, உலோகம் கரையாம காப்பாத்துறதுதான் கெட்டிக்காரத்தனம்னு?"

எனக்குச் சுருக்கென்றது. சொல்லிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விட்டுப்போன மறுபாதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம். கடலில் எதைப் போட்டு வைத்தாலும் சில மணி நேரத்தில் அதன்மேல் ஒரு வழவழப்பான படலம் வந்துவிடும். அது நுண்ணுயிர்களின் வேலை. அதைப் பிடித்துக்கொண்டு பாசி வரும், பிறகு கொட்டலசின் இளம்புழுக்கள் வந்து ஒட்டும். கொட்டலசு ஒருமுறை ஒட்டிவிட்டால் இடம் மாறாது. தலையை ஊன்றி, சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் கட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். படகின் அடி சொரசொரப்பாகிவிடுவதால் வேகம் குறையும், டீசல் கூடும். மரப்படகாக இருந்தால் இன்னொரு எதிரியும் உண்டு. கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். பலகையைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும்.

நம் கரையில் கட்டுமரத்துக்கு இந்த நோய் வந்ததில்லை. தொழில் முடிந்ததும் மணலில் ஏற்றி, கட்டை அவிழ்த்துக் காயப்போட்டுவிடுவார்கள். வெயிலில் காய்ந்தால் எந்தக் கொட்டலசும் பிழைக்காது. தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்குத்தான் இந்தப் பாடு.

பழைய காலத்தில் மேற்கே ஈயத் தகடு அடித்துப் பார்த்தார்கள். சைப்ரஸ் தீவின் கைரீனியா அருகே கடலடியில் கிடைத்த, 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க வணிகக் கப்பலின் அடியில் ஈயத் தகடு இருந்தது. ஈயம் புழுவைத் தடுக்கும். ஆனால் கனம் அதிகம், கொட்டலசையும் தடுக்காது.

1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற 32 பீரங்கிக் கப்பலின் அடியில் மெல்லிய செம்புத் தகடு அடித்தது. கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. அங்கே கடல் சூடானது, புழுவும் அதிகம். திரும்பி வந்த பிறகு 1763-இல் அடியைச் சோதித்தார்கள். செம்பு சுத்தமாக இருந்தது. புழு இல்லை, கொட்டலசும் ஒட்டவில்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. சில இடங்களில் மட்டும் ஆணி புதிதுபோல் இருந்தது. காரணம் வேடிக்கையானது. தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்திருந்தன. சில இடங்களில் அந்தக் காகிதத்தை எடுக்காமலேயே அடித்துவிட்டார்கள். செம்பும் இரும்பும் நேராகத் தொடாத அந்த இடங்களில் இரும்பு பிழைத்துக்கொண்டது.

இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை இதற்கு விடை சொல்லும். உப்பு நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம். ஆனால் வோல்டா தன் மின்கல அடுக்கைச் செய்தது 1800-இல். காரணம் தெரிவதற்கு 37 ஆண்டுகள் முன்பே விளைவைப் பார்த்துவிட்டார்கள். பின்னால் ஆணிகளையே செம்புக் கலவையில் செய்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். 1780-களில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்குச் செம்புத் தகடு வழக்கமாகிவிட்டது.

பிறகு அடுத்த புகார் வந்தது. செம்புத் தகடு கடல்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மெலிகிறது, அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, செலவு தாங்கவில்லை. யாரைக் கேட்பது? அன்று இங்கிலாந்தின் மிகப் பெரிய வேதியியலாளர் சர் ஹம்ப்ரி டேவி. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் 1807-இல் பிரித்தெடுத்தவர். 1815-இல் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்தவர். அப்போது ராயல் சொசைட்டியின் தலைவர். கடற்படை 1823-இல் அவரிடம் போனது.

டேவி மின்வேதியியலில் ஊறியவர். செம்பு கரையக் காரணம் கடல்நீரோடு நடக்கும் வினை. அதைவிட எளிதில் கரையும் துத்தநாகத்தையோ இரும்பையோ செம்போடு இணைத்துவிட்டால், அது தான் கரைந்து செம்பைக் காக்கும். 1824 தொடக்கத்தில் இதை ராயல் சொசைட்டியில் வாசித்தார். செம்பின் பரப்பில் 40-இல் ஒரு பங்கிலிருந்து 150-இல் ஒரு பங்கு வரை துத்தநாகமோ இரும்போ இருந்தால் போதும், செம்பு கரையவே கரையாது என்று சோதனையில் காட்டினார். இதைத்தான் நாம் வகுப்பில் தியாகப் பாதுகாப்பு என்று நடத்துகிறோம். இன்று பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயைக் காப்பது இதுதான். வீட்டு கீசருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியும், படகு எஞ்சினில் மாட்டும் ஜிங்க் கட்டியும் இதே தத்துவம்தான்.

என் வகுப்பில் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். மணியும் அடித்துவிடும். 33 வருஷம் இப்படித்தான் நடத்தினேன்.

அதற்குமேல் நடந்தது இது. 'சமராங்' போன்ற கப்பல்களில் இரும்புக் கட்டிகளைப் பொருத்திக் கடலுக்கு அனுப்பினார்கள். டேவி சொன்னது அப்படியே நடந்தது, செம்பு கரையவில்லை. ஆனால் காப்புக் கட்டி பொருத்திய கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் குடியேறின. கப்பல் ஓட மறுத்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்தக் கட்டிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். டேவியைக் கேலி செய்தவர்களும் உண்டு. அவருடைய உடல்நிலையும் மோசமாகி, 1829-இல் ஜெனீவாவில் காலமானார்.

அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிழை கேள்வியில் இருந்தது. 'செம்பு கரையாமல் இருக்க என்ன செய்யலாம்?' என்று கேட்டார்கள், அதற்குச் சரியான விடை கொடுத்தார். செம்பு கப்பலைக் காத்ததே கரைந்ததால்தான் என்பது அந்தச் சோதனைக்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. கரையும் செம்பு அயனிதான் கொட்டலசுக் குஞ்சுக்கு நஞ்சு. கரைவதை நிறுத்தினால் செம்புத் தகடும் வெறும் தகடுதான்.

இப்போது என் மாணவனின் கேள்வியைப் பாருங்கள். 'கரையாத பெயிண்ட் குடுங்க.' டேவிக்கு வந்த அதே கேள்வி. ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, என் வகுப்பறை வழியாக, அவன் படகுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, எவ்வளவு கரைய வேண்டும்? இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் செம்பு வெளியேறினால் கொட்டலசு ஒட்டாது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் அளவு. கரும்பலகைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். அவன் படகில் தண்ணீருக்குள் இருக்கும் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். அதாவது 2 லட்சம் சதுர சென்டிமீட்டர். 10-ஆல் பெருக்கினால் 20 லட்சம் மைக்ரோகிராம், அதாவது நாளைக்கு 2 கிராம். வருஷத்துக்குச் சுமார் 730 கிராம்.

நாளைக்கு 2 கிராம்தானே என்று தோன்றும். கடல்நீரில் உயிர்கள் நீண்டநாள் தாங்கக்கூடிய செம்பின் அளவு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வைத்திருப்பது லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம். 2 கிராம் செம்பு 6 லட்சம் லிட்டருக்கும் அதிகமான நீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். திறந்த கடலில் அலையும் ஓட்டமும் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் நீரோட்டம் குறைந்த குறுகிய துறையில் நூறு படகுகள் நெருக்கிக் கட்டிக்கிடந்தால்? கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஷெல்டர் ஐலண்ட் என்ற படகுத் துறையில் இதுதான் நடந்தது. நீரில் செம்பு ஏறிப்போய், அதை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2005-இல் உத்தரவு போட்டார்கள். செம்பில் பெரும்பகுதி வந்தது படகுகளின் அடிப் பெயிண்டிலிருந்துதான்.

செம்பைவிடக் கொடிய ஒன்றும் வந்து போனது. இரும்புக் கப்பல்கள் வந்த பிறகு செம்புத் தகடு அடிக்க முடியாமல் போனது. அடித்தால் இரும்பு கப்பலோடு அரித்துப் போகும். அதனால் நஞ்சைப் பெயிண்டில் கலந்து பூச ஆரம்பித்தார்கள். 1960-களில் ட்ரிப்யூட்டில் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் பெயிண்டுக்குள் வந்தது. சுருக்கமாக டி.பி.டி. 1970-களில் இதை வைத்து, கப்பல் ஓட ஓடத் தானே மெல்லத் தேய்ந்து புதுப் பரப்பைக் காட்டும் பெயிண்ட் செய்தார்கள். ஒருமுறை பூசினால் ஐந்து வருஷம் கவலையில்லை. கப்பல்காரர்கள் கொண்டாடினார்கள்.

பிரான்சின் மேற்குக் கரையில் அர்காஷோன் என்ற விரிகுடா இருக்கிறது. சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன ஊர். அங்கே உல்லாசப் படகுகளும் ஏராளம். 1970-களின் நடுவிலிருந்து சிப்பிகளின் ஓடு கோணலாகத் தடித்து, அடுக்கடுக்காக அறைகள் விழுந்து, உள்ளே களிபோல் நிரம்பியது. சதை சிறுத்தது. 1977-லிருந்து சில ஆண்டுகள் சிப்பிக் குஞ்சே பிழைக்கவில்லை. பரம்பரையாகச் சிப்பி வளர்த்த குடும்பங்களின் பிழைப்பு போனது. ஆராய்ந்து பார்த்ததில் பக்கத்தில் நின்ற படகுகளின் அடிப் பெயிண்டில் வந்து முடிந்தது. லிட்டருக்குச் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு. அதுவே போதுமானதாக இருந்தது. இங்கிலாந்துக் கரையில் ஒரு வகைக் கடல் நத்தையில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து, முட்டையிட முடியாமல் இனமே குறைந்தது. அதற்கும் இதுதான் காரணம்.

பிரான்ஸ் 1982-இல் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு டி.பி.டி. பெயிண்டைத் தடை செய்தது. அதன் பிறகு அர்காஷோன் சிப்பிகள் மீண்டன. பிரிட்டன் 1987-இல் தடை செய்தது. உலக அளவிலான உடன்படிக்கை 2001-இல் எழுதப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பிரான்சில் தொடங்கியது உலகத்தை எட்ட 26 ஆண்டுகள். பாசிக்கென்று கலந்த சைபூட்ரின் என்ற இன்னொரு நஞ்சுக்கு 2023 ஜனவரியிலிருந்து தடை.

ஆக, கொட்டலசு ஒட்டாமல் தடுக்கும் நஞ்சுப் பெயிண்ட் எதுவானாலும், ஏதோ ஒன்றைத் தண்ணீரில் விட்டுத்தான் வேலை செய்கிறது. எதை விடுகிறோம், எவ்வளவு விடுகிறோம், எந்தத் தண்ணீரில் விடுகிறோம் என்பதுதான் தேர்வு.

இனி டிரான்ஸ்டியூசருக்கு வருவோம். 1880-இல் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். முதல் உலகப் போரில் பியர் கியூரியின் மாணவர் பால் லான்ஜவின், குவார்ட்ஸ் படிகத்தை மின்சாரத்தால் அதிரவைத்து நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் கருவியைச் செய்தார். நீர்மூழ்கிக் கப்பலைப் பிடிக்கத்தான். போர் முடிந்த பிறகு அதே வழி ஆழம் பார்க்கவும் பயன்பட்டது. 1948-இல் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் அதை மீன் பார்க்கும் கருவியாக்கி மீனவர் கைக்குக் கொடுத்தார்கள். உங்கள் படகின் அடியில் இருப்பது அந்த லான்ஜவின் கருவியின் பேரப்பிள்ளை.

அது வாயும் காதும் ஒன்றாக இருக்கும் கருவி. அதன் முகம் நேராகத் தண்ணீரைத் தொட வேண்டும். ஒலிக்குக் காற்று ஆகாது. நீரில் வரும் ஒலி காற்றுக் குமிழியில் பட்டால் ஏறக்குறைய முழுதும் திரும்பிவிடும். கனமான பெயிண்ட் ஒலியை விழுங்கும். பெயிண்டுக்குள் சிறு குமிழிகள் இருந்தால் இன்னும் மோசம். கொட்டலசு ஏறினால் கேட்கவே வேண்டாம். ஆகவே பூசாமலும் விட முடியாது, அடிப்பாகம்போல் அப்பவும் கூடாது. என் மாணவன் செய்தது இரண்டு தப்பு. கரையாத பெயிண்டைப் பூசினான், அதையும் கனமாகப் பூசினான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. தினமும் கரையேற்றும் படகுக்கு இந்தப் பெயிண்டே தேவையில்லை. கட்டுமரக்காரர்களின் வெயில் வைத்தியம் போதும்.

2. தண்ணீரிலேயே கிடந்து அடிக்கடி ஓடும் படகுக்கு, தானே தேய்ந்துபோகும் வகைச் செம்புப் பெயிண்ட். அது தேய்வதைப் பார்த்து வருத்தப்படாதீர்கள், அதுதான் வேலை செய்கிறது. ஓட்டம் குறைந்த படகுக்கும் வேகமாக ஓடும் படகுக்கும் கெட்டி வகை உண்டு. அதிலும் செம்பு மெல்லக் கசியத்தான் செய்யும். ஆனால் நீண்டநாள் கரையில் காயவிட்டால் அதன் வீரியம் குறையும்.

3. அலுமினியத்தின்மேல், எஞ்சின் காலையும் சேர்த்து, குப்ரஸ் ஆக்சைடு பெயிண்ட் படவே கூடாது. 'அலார்ம்' கப்பலின் ஆணி கதை அங்கே திரும்ப நடக்கும். அலுமினியத்துக்கென்று தனியாக விற்பதைக் கேட்டு வாங்குங்கள்.

4. ஜிங்க் கட்டியின்மேல் எந்தப் பெயிண்டும் படக்கூடாது. கரைவதற்காகவே மாட்டியது அது.

5. டிரான்ஸ்டியூசருக்கு நீரில் கரைத்துச் செய்த கொட்டலசுத் தடுப்புப் பெயிண்ட் மட்டும். தூரிகையால் ஒரு மெல்லிய பூச்சு. ஸ்பிரே வேண்டாம், காற்றுக் குமிழி சேரும். அசிட்டோன், தின்னர் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் முகம் கெட்டுவிடும். பழையதை மென்மையாகத் தேய்த்து எடுத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் பூசுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள்.

6. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள், தூளை அள்ளி எடுங்கள். அது நஞ்சு. பிள்ளைகள் விளையாடும் மணலிலும் சிப்பி பொறுக்கும் இடத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, "அப்ப அந்த டேவி சாரும் என்னைய மாதிரிதானா சார்?" என்றான்.

"இல்லப்பா. அவர் சொந்தமா யோசிச்சுத் தப்புப் பண்ணினார். நீ நான் பாதியில விட்ட பாடத்தைக் கேட்டுத் தப்புப் பண்ணிட்ட" என்றேன்.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். எக்கோ சவுண்டர் திரை. அதே முகத்துவாரம், ஆழம் 3.4 மீட்டர் என்று தெளிவாகக் காட்டுகிறது. கீழே 'தேங்க்ஸ் சார்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

நாலு பேர் அந்த மணல்திட்டில் மாட்டியது விடியும் நேரத்தில், கடல் அமைதியாக இருந்த நாளில். வேறு நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை. தியாகப் பாதுகாப்பு நடத்தும் ஆசிரிய நண்பர்களே, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பாடத்தை முடித்துவிட்டு, டேவியின் கப்பல்களில் கொட்டலசு ஏறிய கதையையும் சொல்லி அனுப்புங்கள்.